ஐப்பசியில் உதிரும் பூ

புரட்டாசி முடிந்து மழை மேகங்கள் கூடும் நாள்களில், விடியலுக்கு முன் எழுந்து கொல்லைப்புறம் செல்லும் வழக்கமுடையோர்க்குப் பவழமல்லியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முதல் நாள் மாலை வரையில் அது சொரசொரப்பான இலைகளோடு கூடிய ஓர் எளிய செடிதான். அந்தி சாய்ந்தபின் அதன் மொட்டுகள் ஒவ்வொன்றாய் அவிழும். இரவெல்லாம் தெருவை மணக்கச் செய்யும். கிழக்கு வெளுக்கும் வேளையில் ஓசையின்றி உதிர்ந்து, ஈர மண்ணின்மேல் வெள்ளைத் துணியை விரித்தாற்போல் கிடக்கும். காற்றாடியைப் போலச் சற்றே முறுக்கிய வெள்ளிதழ்கள். ஒரு பூவில் ஐந்தும் இருக்கும், எட்டும் இருக்கும். நடுவிலும் காம்பிலும் பவழ நிறம். அந்தக் காம்பினால்தான் அதற்கு அப்பெயர் வந்தது.

இப்பூவின் மணத்தை நான் ஐம்பத்து மூன்று ஆண்டுகள் வெறுத்தேன். ஏன் வெறுத்தேன் என்பதையும், பின்னர் அதே மணத்தைத் தேடி இருட்டில் ஏன் நடந்தேன் என்பதையும் இவ்விதழைப் படிக்கும் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன். இக்கதையில் என்னுடைய தவறு ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதுவதில் பயனில்லை.

எங்கள் ஊர் பெருநகர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசிக்குச் செல்லும் சாலையில், உத்திரமேரூர் வட்டத்தில் அமைந்துள்ளது. பெயரில்தான் நகர், மற்றபடி நெல்வயல்களும் ஏரியும் அண்மையில் ஓடும் செய்யாறுமாக அமைந்த சிற்றூர். நான் சிறுவனாயிருந்த காலத்தில் அது செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. என் தந்தையார் தச்சர். ஏர், வண்டிச்சட்டம், கதவு, நிலை ஆகியவற்றைச் செய்து கொடுப்பார். அம்மா மணமாகி வந்தபோது தம் தாய்வீட்டிலிருந்து ஒரு பவழமல்லிக் கன்றைக் கொண்டுவந்து எங்கள் கிணற்றடியில் நட்டார். நான் நினைவறிந்த நாளில் அது கூரைக்கு மேல் வளர்ந்திருந்தது.

அந்தச் செடியில் இருவருக்கும் பங்கு இருந்தது. பூ அம்மாவுக்கு, இலை அப்பாவுக்கு. பவழமல்லி இலையைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் விளங்கும். உப்புத்தாளைப் போன்ற சொரசொரப்பு அதற்குண்டு. இழைப்புளி போட்ட பலகையை அந்த இலையால் தேய்த்துத்தான் அப்பா மெருகேற்றுவார். அம்மாவோ விடியலில் முறத்தோடு சென்று உதிர்ந்த பூக்களைப் பொறுக்கி வருவார். அக்டோபர் மாதம் செபமாலை மாதமாதலால், மாதா சுரூபத்தின் முன் வைக்கும் பூவுக்கு அம்மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு காசும் செலவானதில்லை.

1968ஆம் ஆண்டு ஐப்பசியில் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. எனக்கு அப்போது பத்து வயது. பவழமல்லி இலையைக் கஷாயமிட்டுக் காய்ச்சலுக்குக் கொடுப்பது நம் நாட்டு வைத்தியம். அம்மா அதைக் காய்ச்சிக் கொடுத்தார். கிடைத்த மருந்துகளையும் கொடுத்தார். வீடு முழுவதும் அந்தக் கஷாயத்தின் கசப்பு மணம் பரவிக் கிடந்தது. எட்டாம் நாள் விடியலில் அப்பா இறந்துபோனார்.

அன்று நல்ல மழை. மாலை வாங்கக் கையில் பணமும் இல்லை. வாங்கி வர ஆளும் இல்லை. உடன் வேலை செய்த தச்சர் ஒருவர் அப்பாவின் பட்டறையில் இருந்த பலகைகளைக் கொண்டே பெட்டியைச் செய்து முடித்தார். அம்மா என்னையும் என் தங்கையையும் அழைத்து, முறத்தைக் கையில் கொடுத்து, “கிணற்றடியில் இருப்பதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வாருங்கள்” என்றார். மழையில் நனைந்து சேற்றோடு கிடந்த பூக்களை நாங்கள் இருவரும் பொறுக்கினோம். பெட்டியில் அப்பாவின் மார்பின்மேலும் கைகளின்மேலும் அம்மா அவற்றைப் பரப்பினார். புதிதாய் இழைத்த மரத்தின் மணம், ஈர மண்ணின் மணம், பவழமல்லியின் மணம் ஆகிய மூன்றும் சேர்ந்து என் மூக்கில் ஏறின.

அதன்பின் ஒவ்வோர் ஐப்பசியிலும் அம்மணம் எழும்போது எனக்கு வயிற்றைப் புரட்டும். மறு ஆண்டு ஒரு நாள் வாந்தியே எடுத்துவிட்டேன். காரணம் என்னவென்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்குரிய சொற்கள் அந்த வயதில் என்னிடம் இல்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை என்றே நான் எண்ணிக்கொண்டேன்.

ஆண்டுகள் சென்றன. நான் ஆசிரியர் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்தேன். திருமணமாயிற்று, பிள்ளைகள் பிறந்தனர். 1996ஆம் ஆண்டில் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத் தளம் போட்ட வீடு கட்டத் தொடங்கினோம். மாடிப்படி கிணற்றுப் பக்கம் வருவதாகக் கணக்கிட்டார்கள். “இரண்டடி தள்ளிப் படி வைத்தால் செடி தப்பும், சார்” என்று மேஸ்திரி தாமாகவே கூறினார். நான் ஒப்பவில்லை. “வேரோடு எடுத்துவிடுங்கள்” என்றேன். அது அக்டோபர் மாதக் கடைசி வாரம். செடி முழுவதும் மொட்டுகள்.

அம்மா அருகில் நின்றுகொண்டிருந்தார். “பூக்காலம் முடியட்டுமே, தம்பி” என்று மட்டும் சொன்னார்.

“வேலை நின்றுவிடும், அம்மா. கூலியாட்கள் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள்” என்றேன்.

அவர் மேற்கொண்டு பேசவில்லை. முற்பகலுக்குள் செடி சாய்ந்துவிட்டது. சதுரமாய் இருக்கும் அதன் இளங்கிளைகளைக் கூலியாட்கள் விறகுக்கென்று கட்டி எடுத்துச் சென்றனர். அன்றிரவு பல ஆண்டுகளுக்குப் பிறகு நான் ஐப்பசியில் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உறங்கினேன்.

அம்மா அதன்பின் ஏழு ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்தார். 2003ஆம் ஆண்டு பங்குனியில் இறைவனடி சேர்ந்தார். பவழமல்லி பூக்கும் பருவமன்று அது. காஞ்சிபுரத்திலிருந்து ரோஜா மாலைகளை வரவழைத்தேன். எல்லாரும் சிறப்பாகச் செய்தாய் என்றனர். நானும் அவ்வாறே நினைத்துக்கொண்டேன்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் கொரோனாவின் இரண்டாம் அலை எங்கள் ஊரையும் விட்டுவைக்கவில்லை. எனக்கும் என் மனைவிக்கும் தொற்று வந்தது. நாங்கள் மருத்துவமனையில் படுக்கும் நிலைக்குச் செல்லவில்லை. அதற்காக ஆண்டவருக்கு நன்றி. ஆனால் நான்காம் நாள் காலையில் காப்பி வெந்நீராகத் தோன்றியது. ரசம், சாம்பார், சோப்பு, ஊதுவத்தி எதற்கும் மணமில்லை. மனைவிக்கு மூன்று வாரங்களில் மோப்பம் திரும்பிவிட்டது. எனக்குத் திரும்பவில்லை.

மணமில்லாத வாழ்க்கை எத்தகையது என்பதை அனுபவித்தவரே அறிவர். பிறர் இதனைச் சிறு குறையாகவே கருதுவர். கண்ணில்லாதவருக்கும் காதில்லாதவருக்கும் இரங்குகிறவர்கள், மூக்கில்லாதவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து சமையலறை புகைந்தபோது நான் அடுத்த அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். மற்றொரு நாள் எரிவாயு அடுப்பின் திருகு சரியாக மூடப்படவில்லை. மனைவி ஓடிவந்து அணைத்தாள். ஆயினும் என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. அவ்வாண்டில் பிறந்த பேத்தியை மடியில் வைத்திருப்பேன். குழந்தையின் உச்சந்தலைக்கு ஒரு மணம் உண்டன்றோ? அது எனக்குக் கிட்டவில்லை. பொம்மையை ஏந்தியிருப்பதுபோல் இருந்தது.

காஞ்சிபுரத்தில் ஒரு மூக்கு, தொண்டை மருத்துவரிடம் சென்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். மூக்கின் மேற்பகுதியில், ஏறத்தாழ ஓர் அஞ்சல்தலை அளவே உள்ள மெல்லிய படலத்தில் மோப்ப நரம்பணுக்கள் அமைந்துள்ளன. அவற்றில் மணப்பொருள்களை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் மனிதருக்கு ஏறக்குறைய 400 வகை உண்டு. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த ரிச்சர்டு ஆக்செல், லிண்டா பக் என்னும் அமெரிக்க அறிஞர் இருவருக்கு 2004ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. கொரோனாக் கிருமி நரம்பணுக்களைவிட, அவற்றைத் தாங்கி ஊட்டும் துணை அணுக்களையே பெரிதும் தாக்குவதாக 2020இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே பலருக்கு மோப்பம் மீளும்; சிலருக்கு நாளாகும் என்றார்.

அதற்கென ஒரு பயிற்சியையும் கூறினார். செருமனியின் டிரெஸ்டன் நகரில் மருத்துவர்கள் 2009இல் எழுதி வெளியிட்ட முறை அது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, தைலமரம் ஆகிய நான்கின் மணத்தையும் காலையிலும் மாலையிலும் ஒவ்வொன்றாக முகர வேண்டும். மணம் வராவிட்டாலும், அது எவ்வாறு மணந்தது என்று நினைத்துக்கொண்டே முகர வேண்டும். எங்கள் வீட்டு அலமாரியில் நான்கு சிறு குப்பிகள் வரிசையாக அமர்ந்தன. கிராம்பு ஒன்றில், எலுமிச்சைத் தோல் ஒன்றில், பன்னீர் ஒன்றில், நீலகிரித் தைலம் ஒன்றில். காலை செபம் முடிந்ததும் அவற்றை எடுத்து முகர்வேன். நான்கும் காற்றாகவே இருந்தன.

அந்த நாள்களில் ஒன்றைக் கண்டுகொண்டேன். இறந்த தாயின் முகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு மனத்தில் வரவழைக்கலாம். கேட்ட பாட்டை மனத்துக்குள் மறுபடியும் பாடிப் பார்க்கலாம். ஆனால் மணத்தை எனக்கு அப்படி வரவழைக்கத் தெரியவில்லை. கிராம்பு என்னும் சொல் நினைவில் இருந்தது. கிராம்பின் மணம் இல்லை. மணம் வந்தால்தான் நினைவு எழும். நினைத்தால் மணம் வராது போலும். மணத்தின் செய்தி மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு, மற்றப் புலன்களின் செய்தியைவிட நேர்வழியில் சென்று சேர்கிறதாம். பத்து வயதுச் சிறுவனின் வயிற்றைப் புரட்டியது அந்த நேர்வழிதான் என்று அறுபது கடந்தபின் அறிந்தேன்.

இவ்வாறு குப்பிகளோடு அமர்ந்திருந்த ஒரு நாளில், எந்த மணத்தையாவது ஒரு முறை திருப்பித் தருவதாக ஒருவர் கூறினால் எதைக் கேட்பேன் என்று என்னை நானே வினவிக்கொண்டேன். பேத்தியின் உச்சந்தலை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் மனம் பவழமல்லி என்றது. எனக்கே அது வியப்பாக இருந்தது.

ஐப்பசி பிறந்தது. “நம் ஊரில் பவழமல்லி எங்கே இருக்கிறது?” என்று மனைவியைக் கேட்டேன். அவள் என்னைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தாள். “ஏரிக்கரை ஆயா வீட்டில் இருக்கிறதே. உங்களுக்குத் தெரியாதா?” என்றாள்.

ஏரிக்கரையில் இரண்டு பசுக்களை வைத்துக்கொண்டு பால், மோர் விற்றுப் பிழைத்தவர் அந்த ஆயா. எங்கள் சமயத்தைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் அம்மாவுக்கு நெருங்கிய தோழி. அப்போது எண்பதைத் தாண்டியிருந்தார். மறுநாள் விடியலுக்கு முன் கைவிளக்கோடு அங்கே சென்றேன். வேலிக்கு உட்புறம் பெரிய பவழமல்லி நின்றது. அதன் கீழ்த் தரை வெண்மையாய்த் தெரிந்தது. குனிந்து ஒரு பிடி அள்ளி முகத்தோடு வைத்துக்கொண்டேன். குளிர்ச்சி இருந்தது, ஈரம் இருந்தது, மணம் இல்லை. இதழ்கள் மீசையில் ஒட்டிக்கொண்டன. அங்கேயே அமர்ந்துவிட்டேன்.

மாட்டுக் கொட்டகையிலிருந்து ஆயா வந்தார். “யார் அது? வாத்தியாரா? உனக்குத்தான் இந்த வாசனை ஆகாதே, தம்பி! இங்கே ஏன் வந்தாய்?” என்றார்.

எனக்குத் திடுக்கிட்டது. “எனக்கு ஆகாது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள், ஆயா?”

“உன் அம்மாதான். வேறு யார் சொல்வார்கள்?”

பிறகு அவர் சொன்னவற்றை நான் இங்கே சுருக்கியே தருகிறேன். எங்கள் வீட்டுச் செடியை வெட்டுவதற்கு முதல் நாளே அம்மா அதன் காய்களைப் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டு ஆயாவிடம் சென்றிருக்கிறார். பவழமல்லியின் காய் காசைப் போலத் தட்டையானது. இரு பாதியாய்ப் பிரியும். பாதிக்கு ஒரு விதை. அவ்விதைகளை இருவருமாக ஏரிக்கரை வேலியோரம் ஊன்றினர். மூன்றாம் ஆண்டில் பூத்தது. அதிலிருந்து அம்மா பூக்காலம் முழுவதும் விடியலில் அங்கே செல்வார்.

அம்மா விடியலில் ஆயா வீட்டுக்குப் போவது எனக்குத் தெரியும். செம்பை எடுத்துக்கொண்டு மோர் வாங்கப் போகிறார் என்றே நான் எண்ணியிருந்தேன். “இந்தக் குளிரில் மோருக்காக ஏன் அலைகிறீர்கள்?” என்று ஒரு முறை கடிந்துகொண்டதும் உண்டு.

“பூவைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு, கல்லறைத் தோட்டத்துக்குப் போய் உன் அப்பா தலைமாட்டில் வைத்துவிட்டுத் திரும்பி வருவாள். பிறகு இந்தத் தொட்டியில் அரப்புத்தூள் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவுவாள். அதன் பிறகுதான் மோர்ச் செம்பைத் தொடுவாள். ‘ஏன் அம்மா இப்படித் தேய்க்கிறாய்?’ என்பேன். ‘பிள்ளைக்கு அந்த வாசனை ஆகாது. அவன் அப்பனைப் பார்த்த கண்ணோடு இதையும் பார்த்துவிட்டான்’ என்பாள்” என்றார் ஆயா.

நான் தலைகுனிந்து அமர்ந்திருந்தேன். பின்பு, செடியை வெட்டிய நாளில் பூக்காலம் முடியட்டும் என்று அம்மா சொன்னதன் பொருளையும் அவரே கூறினார். கல்லறைத் திருநாளுக்கு இன்னும் சில நாள்களே இருந்தன. நவம்பர் 2ஆம் தேதி வரையிலாவது செடி நின்றால், அவ்வாண்டும் அப்பாவுக்குத் தம் கையால் பூ வைக்கலாம் என்பதே அம்மாவின் எண்ணம். அதைச் சொல்லிக் கேட்டிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன் என்று ஆயாவிடம் சொன்னேன். சொன்ன அக்கணமே, அதை அவர் ஏன் சொல்லவில்லை என்பதும் எனக்கு விளங்கிவிட்டது. அப்பாவின் கல்லறையையும் அந்தப் பூவையும் ஒரே வாக்கியத்தில் என் முன்னே சொல்ல அவர் விரும்பவில்லை.

எனக்கு மட்டுமே தெரிந்த காயம் என்று நான் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பொத்தி வைத்திருந்ததை அம்மா முதல் ஆண்டிலேயே அறிந்திருந்தார். அறிந்தும் என்னைக் கேட்டுச் சங்கடப்படுத்தவில்லை. தம் வீட்டுப் பூவை வேறொரு வேலியோரம் வளர்த்து, கையைக் கழுவிக்கொண்டு என் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறார். நானோ, அவருடைய மனத்தை அறிய ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

அந்தப் பூக்காலம் முழுவதும் நான் ஏரிக்கரைக்குச் சென்றேன். நான்கு குப்பிகளோடு ஐந்தாவதாக ஒரு கைப்பிடி பவழமல்லி சேர்ந்தது. நவம்பர் 2ஆம் தேதியன்று பெற்றோர் இருவர் கல்லறையிலும் பூக்களைப் பரப்பினேன். மணம் வரவில்லை. வராவிட்டாலும் போகட்டும் என்று வைத்தேன்.

பூக்காலம் முடிந்தபின், ஆசிரியனாய் இருந்த பழக்கத்தால் அப்பூவைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் செல்லும் மலர்களுள் சேடல் என்பதைப் பவழமல்லி என்றே உரை கூறுவர். ஆகவே, அது நம் நிலத்துக்குப் புதிதன்று. கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563ஆம் ஆண்டு அங்கே அச்சிட்ட மருந்துநூலில் இதனைத் துயர மரம் என்று குறித்து, மக்கள் வழங்கிய ஒரு கதையையும் எழுதியுள்ளார். கதிரவனை விரும்பிக் கைவிடப்பட்ட பெண்ணொருத்தியின் சாம்பலிலிருந்து எழுந்த செடி இது; அதனால் இதன் பூக்கள் கதிரவன் முகத்தில் விழிப்பதில்லை என்பது அக்கதை. 1753இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் இதற்கு அறிவியற்பெயர் இட்டபோதும், இரவில் பூக்கும் துயர மரம் என்னும் பொருள்படவே இட்டார். எனக்கு மட்டும் அது துயரச் செடியாய் இருந்ததில்லை என்று அறிந்தபோது ஒரு வகை ஆறுதல் உண்டாயிற்று.

ஆனால் வங்காளத்தில் இதே பூ மகிழ்ச்சியின் அறிகுறி. அங்கே சிவுலி என்பார்கள். அது மணக்கத் தொடங்கினால் மழை ஓய்ந்து துர்க்கை பூசை நெருங்கிவிட்டது என்று குழந்தைகள் துள்ளுவார்களாம். அம்மாநிலத்தின் மலரும் அதுவே. பவழமல்லி, முல்லை, மல்லிகை இவையெல்லாம் நம் வேதாகமத்தில் அடிக்கடி வரும் ஒலிவ மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது தாவர நூலார் கூற்று. அதே குடும்பத்தில் சீனாவிலும் ஜப்பானிலும் இலையுதிர் காலத்தில் பூக்கும் ஒரு நறுமணச் செடி உண்டு. ஜப்பானியர் அதனைக் கின்மொக்குசெய் என்பர். செம்மஞ்சள் நிறச் சிறு பூக்கள். அக்டோபர் மாதத்தில் கண்ணுக்குத் தெரியுமுன்பே மூக்குக்குத் தெரியும் பூ அது. சில நாளிலேயே அதுவும் உதிர்ந்து தரையை நிறைக்கும். அந்நாட்டில் பள்ளிப் பருவத்தையும் பிரிந்தவர்களையும் அம்மணத்தோடு சேர்த்து நினைத்துக்கொள்கிறவர் பலர். கோடையின் பூக்கள் நமக்கு அப்படிச் செய்வதில்லை. ஆண்டு முடியப் போகிறது என்னும் வேளையில் வருகிற மணம், போனவர்களை உடனழைத்து வருகிறது போலும்.

மற்றொன்றும் அறிந்தேன். பவழமல்லிக் காம்பின் நிறப்பொருள் குங்குமப்பூவின் நிறப்பொருளோடு நெருங்கிய உறவுடையது. முற்காலத்தில் அக்காம்புகளைக் காய்ச்சித் துணிக்குச் சாயமிட்டிருக்கிறார்கள். அம்மாவின் பழைய சேலை ஒன்றின் முந்தானையில் மங்கிய மஞ்சள் கறைகள் இருந்தன. மஞ்சள்தூள் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அந்தச் சேலை இப்போதில்லை.

என் மோப்பம் நேராகத் திரும்பி வரவில்லை. 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முதலில் தவறான மணங்களே வந்தன. காப்பி கருகிய ரப்பரைப் போலவும், வெங்காயம் சாக்கடையைப் போலவும் நாறின. இதுவும் மீள்வதன் ஒரு படியே என்று மருத்துவர் தேற்றினார். பிறகு எலுமிச்சை சிறிது வந்தது, பின்னர்க் கிராம்பு. அவ்வாண்டு புரட்டாசி இறுதியில், ஒரு விடியலில் ஏரிக்கரைத் தெருவில் திரும்பியபோது ஏதோ ஒன்று மூக்கின் ஓரத்தைத் தொட்டுச் சென்றது. நின்றேன். மறுபடியும் வந்தது. வயிறு புரளவில்லை. அப்பாவின் மார்பில் கிடந்த ஈரப் பூக்கள் நினைவுக்கு வந்தன என்பது மெய்யே. ஆனால் அவற்றைப் பரப்பிய அம்மாவின் கைகளும் இம்முறை உடன் வந்தன. அந்தக் கைகளை அன்று நான் பார்க்கவில்லை. அல்லது, பார்த்தும் மறந்துவிட்டிருந்தேன்.

இது நான் சிறுவனாய் அறிந்த அதே மணந்தானா என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. சற்று மங்கலாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் தோன்றுகிறது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய மணம் என்னிடம் இல்லை. இதுவே போதும் என்று பெற்றுக்கொண்டேன்.

அவ்வாண்டு ஆயாவின் செடியிலிருந்து விதை வாங்கி வந்தேன். பழைய இடத்தில் மாடிப்படி நிற்கிறது. ஆகையால் படிக்கு இரண்டடி தள்ளி ஊன்றினேன். மேஸ்திரி அன்று கேட்ட அதே இரண்டடி. சென்ற ஆண்டு ஐப்பசியில் அது முதன்முறையாகப் பூத்தது.

பெற்றோரோடு ஒரே கூரையின்கீழ் வாழும் பிள்ளைகள் இதைப் படிக்கக்கூடும். வீட்டில் முதியவர் ஒருவர் ஒரு செடியையோ பழம்பெட்டியையோ சுட்டி, “இருக்கட்டுமே” என்று ஒரே சொல்லில் கேட்டால், அதற்குப் பின்னால் சொல்லாத வாக்கியங்கள் பல இருக்கக்கூடும். வேலையைச் சிறிது நிறுத்திவிட்டு, ஏன் என்று கேளுங்கள். எனக்கு அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது; ஆனால் அதைக் கேட்க வேண்டியவரிடமிருந்து கிடைக்கவில்லை.

பேத்திக்கு இப்போது நான்கு வயது முடிந்துவிட்டது. பூ உதிரும் நாள்களில் எனக்கு முன்பே எழுந்து முறத்தைத் தூக்கிக்கொள்கிறாள். சென்ற ஆண்டு ஒரு நாள் இரு கைகளிலும் அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவந்தாள், விரல்களெல்லாம் மஞ்சள். கை கழுவிவிட்டு வா என்று அவளுடைய பாட்டி சொன்னாள். சற்று நேரம் அப்படியே இருக்கட்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன்.